ஒன்பது பூவும் எட்டு அணையும்

முதல் நாள்: பாபநாசம்

"முப்பத்தஞ்சு வருசம் தண்ணி தொறந்து விட்டிருக்கேன். அது கடைசியில எங்க போயி விழுதுன்னு பாத்ததில்லலே."

பொங்கலன்று சாப்பிட்டு முடித்து, இலையில் கை காய உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா சொன்னது இது. இந்த ஒரு வரிதான் பயணத்துக்குக் காரணம். அவருக்கு 78 வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வேறொன்றுமில்லை, கால்வாயில் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். காலையில் அளவுகோலைப் பார்த்து எத்தனை அடி என்று எழுதி வைப்பார். மழை நாளில் ராத்திரியெல்லாம் கரையில் டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிடப்பார். கன்னடியன் கால்வாயின் கரையிலேயே அவர் சர்வீஸ் முடிந்துவிட்டது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்க மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர்தான். பஸ் பிடித்தால் ஒரே நாளில் போய் வரலாம். ஆனாலும் போனதில்லை. "எதுக்குப் போவணும்? வேலை இங்ஙனதான் இருந்துச்சு."

எனக்கு வேறொரு ஆசை. இந்த ஆற்றங்கரையில் நவகைலாயம் என்று ஒன்பது சிவன் கோயில்கள் உண்டு. அகத்தியரின் சீடர் உரோமசர் இங்கிருந்து ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டாராம். ஒவ்வொன்றும் கரை ஒதுங்கிய இடத்தில் ஒரு கோயில். முதல் பூ பாபநாசத்திலேயே ஒதுங்கிவிட்டது. கடைசிப் பூ சேர்ந்தது கடலுக்குப் பக்கத்தில் சேர்ந்தபூமங்கலத்தில், ஊர்ப் பெயரே அதுதான். பூ போன வழியே போவோம் என்றேன். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாவநாசத்துல விட்ட பூ கடல் வரைக்கும் எப்படிப் போச்சு? நடுவுல எட்டு அணை கெடக்குல்லா?"

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ரயில் நிலையப் பெயர்களை ஒப்பிக்கிற பையனைப் போல மூச்சு விடாமல் சொன்னார். உரோமசர் காலத்தில் அணை ஏது என்றேன். "அப்ப சரி" என்றார். ஆனால் சரி என்று அவர் சொன்ன விதம் சரியில்லை.

தை அமாவாசைக்கு மறுநாள் வந்து இறங்கினோம். முந்தின நாள் தர்ப்பணத்துக்கு வந்த கூட்டம் போய்விட்டது, அவர்கள் உடுத்திக் களைந்த துணி மட்டும் போகவில்லை. வேட்டியும் சேலையும் பாறை இடுக்கெல்லாம் சுற்றிக் கிடந்தன. நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கியால் இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த துணி என்ன கனம் கனக்கிறது! ஒரு சேலையை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பாவம் தொலையவென்று விட்டது, இவர்கள் கையில் வந்து சிக்குகிறது.

பெரியப்பா படித்துறையில் இறங்கித் தன் கம்பைத் தண்ணீருக்குள் விட்டார். அந்தக் கம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூங்கில் கம்பு, நாலடி. சூட்டுக்கோலால் அரை அடிக்கு ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். நடப்பதற்கு ஊன்றுகோல், தண்ணீரைக் கண்டால் அளவுகோல். "ரெண்டேகால்" என்றார், யாரும் கேட்காமலே. பொரிக்காகக் கூடிய மீன்கள் கம்பை வந்து முட்டின.

கோயிலில் லிங்கத்துக்குப் பின்னால் சிவனும் பார்வதியும் மணக்கோலத்தில் நிற்கிறார்கள். கயிலையில் கல்யாணம், உலகமே வடக்கே கூடிவிட்டது, பூமி சாய்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு எப்போதும் அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டுக் கல்யாணத்தில் பெரியவர் ஒருவரைப் பிடித்து, "நீங்க போயி ஊர்ல வீட்டைப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவதைப் போலத்தானே இது? அதற்கு ஈடாகத்தான் இங்கே வந்து மணக்கோலம் காட்டினார்களாம். இப்போதென்றால் வீடியோ அனுப்புவார்கள்.

ஆற்றங்கரை லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் ஆற்றின் இரைச்சல், குழாயைத் திறந்தால் காற்று. மோட்டார் ரிப்பேராம். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கே போய்விட்டார்.

இரண்டாம் நாள்: சொரிமுத்து அய்யனார் கோயில்

வனத்துறை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, பிளாஸ்டிக் இல்லை என்று நிரூபித்துவிட்டு, காரையாறு போகும் பஸ்ஸில் ஏறினோம். பெரியப்பா வழியெல்லாம் அணைகளின் உயரம் சொல்லிக்கொண்டு வந்தார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நெல்லைக்காரர்கள் பலர் காலையில் பேப்பரில் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான், ராசிபலன் அப்புறம்.

இங்கே ஆறு சின்னப் பையன் மாதிரி. பாறைக்குப் பாறை தாவுகிறது. கோயிலில் ஆடி அமாவாசைக்கு நிற்க இடம் கிடைக்காது. இன்று எங்களைத் தவிரப் பத்துப் பேர், அப்புறம் குரங்குகள்.

ஆடி அமாவாசையன்று இங்கே ராஜ உடையில், தலைப்பாகையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிங்கம்பட்டி ஜமீனின் முருகதாஸ் தீர்த்தபதி. சிறு வயதிலேயே பட்டம் சூட்டப்பட்டவர். ஜமீன் ஒழிந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அந்த ஒரு நாள் மட்டும் அவர் ராஜாதான். 2020 மே மாதம், 89 வயதில் காலமானார். நான் ஒரு முறை கூட்டத்துக்கு நடுவே எட்ட நின்று பார்த்திருக்கிறேன். வெயிலில் கனத்த உடுப்போடு, வியர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த உடுப்புக்குள் ஒரு தாத்தாவுக்கு எவ்வளவு புழுங்கியிருக்கும் என்றுதான் அன்று தோன்றியது.

பட்டவராயன் சன்னிதியில் செருப்புகள் தொங்குகின்றன. கனமான தோல் செருப்புகள், காணிக்கையாக வந்தவை. ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவாராம், அதனால் தேய்ந்துபோகுமாம். நான் ஒரு ஜோடியைக் குனிந்து பார்த்தேன். இடது குதிகால் தேய்ந்துதான் இருந்தது. யாராவது போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டினார்களோ என்னவோ, நமக்கு எதற்கு.

வில்லுப்பாட்டில் கேட்ட கதை இது. முத்துப்பட்டன் பிராமணப் பையன். காட்டு ஓடையோரம் பாட்டுக் கேட்டுப் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைப் பார்க்கிறான். சக்கிலியர் வாலப்பகடையின் பெண்கள். கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்று போய் நிற்கிறான். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் மாப்பிள்ளை இல்லை, மாமனார்தான். அந்தக் கிழவர் பயந்து ஓடவுமில்லை, உயர்ந்த சாதிப் பையன் வந்தான் என்று வாயைப் பிளக்கவுமில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறார். அவனும் தைத்துக்கொண்டு வருகிறான். பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான், இப்போது பட்டவராயன் என்ற தெய்வம். ஆனால் சன்னிதியில் தொங்குவது அந்தக் கிழவர் வைத்த பரீட்சைதான்.

"செருப்புத் தைக்கிறது லேசுன்னு நெனைக்காத" என்றார் பெரியப்பா. "கால் சேத்துல நிக்கிறவனுக்குத் தெரியும்."

மூன்றாம் நாள்: கன்னடியன்

இன்று பெரியப்பா நாள். காலை ஐந்தரைக்கே சட்டை மாட்டிவிட்டார்.

முதலில் அம்பாசமுத்திரம். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நாங்கள் கன்னடியன் அணைக்குப் போகிறோம் என்றதும் துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டார். ஒரு கன்னடத்துப் பிரம்மச்சாரி. மலையாள தேசத்து ராஜாவுக்குத் தீராத நோய். நோயை ஒரு எள்ளுப் பொம்மையில் இறக்கி, பொன்னோடு தானம் கொடுக்கிறார், வாங்க ஆளில்லை. கன்னடியன் வாங்கினான். பொம்மை உயிர் பெற்று அவன் செய்த சந்தியாவந்தனப் பலனில் பங்கு கேட்டது, ஒரு வேளைப் பலனைக் கொடுத்து நோயிலிருந்து தப்பினான். கையில் பொன். அதை நல்ல காரியத்துக்குச் செலவு செய்ய வழி கேட்க அகத்தியரைத் தேடிப் பொதிகைக்குப் போகிறான். போகும்போது பொன்னை அம்பாசமுத்திரத்தில் ஒரு அர்ச்சகரிடம் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து கேட்டால் மூட்டைக்குள் துவரம்பருப்பு.

இந்த இடத்தில் பெரியவர் நிறுத்தி எங்கள் முகத்தைப் பார்த்தார். பருப்பு என்றதும் எல்லோரும் சிரிப்பார்களாம். நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் பொய்ச் சத்தியம், தண்டனை எல்லாம் ஆகி, பொன் கிடைக்கிறது. மலையில் அகத்தியர் சொன்ன வழி இது: ஒரு பசுவைப் பிடித்து விடு, அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு, கோமியம் விட்ட இடத்தில் மடை வை. அப்படி வெட்டியதுதான் கன்னடியன் கால்வாய்.

பெரியப்பா இந்தக் கதையை நூறு முறை கேட்டிருப்பார். ஆனாலும் வெளியே வந்ததும் சொன்னார், "அது சும்மா கதை இல்லலே. மாடு மேட்டுல ஏறாது. சரிவு பாத்து, வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். கால்வாய்க்கு லெவல் எடுக்கத் தெரியாத காலத்துல மாட்டு வாலைப் பிடிச்சுட்டுப் போறதுதான் லெவல்." கள்ளிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று அந்தக் கால்வாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து போவதைப் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்கத் தோன்றவில்லை.

அணையில் தண்ணீர் மேல் வழிந்து வெள்ளைத் துணி விரித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா தலைமதகுக்கு நேராகப் போனார். ஷட்டர்களுக்குப் புதுப் பெயின்ட். பணியில் இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். இவர் இன்னார் என்று சொன்னதும், "வாங்க தாத்தா" என்று கைப்பிடியைக் காட்டினான். பெரியப்பா அதைத் தொட்டார், சுற்றவில்லை. திருகில் கிரீஸ் இருக்கிறதா என்று சுண்டுவிரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "பழசு. மாத்து" என்றார். பையன் தலையாட்டினான்.

பிசானத்துக்கு ஐப்பசியில் திறந்தது இன்னும் ஓடுகிறது. கார் சாகுபடிக்கு ஜூனில் திறப்பார்கள். ஊரில் கார், பிசானம் என்றால் அது நெல்லின் பெயர் மட்டுமில்லை, காலண்டர். "உங்க அப்பன் பொறந்தது பிசான அறுப்புல" என்றுதான் ஆச்சி சொல்வாள், தேதி அவளுக்குத் தெரியாது.

பிறகு அந்தப் பூவரச மரம். இப்போது அடிமரம் மட்டும் நிற்கிறது. 1992 நவம்பர் வெள்ளத்தில் அவர் இங்கேதான் இருந்தார். சாயங்காலம் சைக்கிளை மரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு அளவு பார்க்கப் போயிருக்கிறார். இருட்டுவதற்குள் அளவுகோல் முங்கிவிட்டது. "அதுக்கு அப்புறம் எத்தனை அடின்னு எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல. நோட்டை மடியில கட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடிட்டோம்." காலையில் சங்கிலி இருந்தது, சைக்கிள் இல்லை. மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள். மனிதர்களையும் வீடுகளையும் கொண்டுபோன வெள்ளத்தில் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு அப்போது வெட்கமாக இருந்ததாம். அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம். எனக்கே இன்றுதான் தெரியும்.

சேரன்மகாதேவியில் இரண்டாவது பூ. வருகிற வழியில் பூ மூன்று அணையாவது தாண்டியிருக்க வேண்டும் என்று நினைவூட்டினார். பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் நெய்வதைப் பார்த்தோம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கீறி எடுக்கிறார்கள். ஒரு இழையைக் கையில் கொடுத்தார்கள், தையல் நூல் போல இருந்தது. பட்டுப் பாய் கேட்டால் விலை சொன்னார்கள், நாங்கள் சாதாப் பாய் வாங்கினோம்.

நான்காம் நாள்: திருநெல்வேலி

கொடகநல்லூர், குன்னத்தூர் இரண்டையும் காலையிலேயே பார்த்துவிட்டு, குறுக்குத்துறைக்கு வந்தோம். ஆற்றுக்கு உள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியது. முன்பக்கம் படகு மூக்கு மாதிரி சுவர், தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பரிலும் அப்படித்தான் முங்கினார், வடிந்ததும் சேற்றைக் கழுவி விளக்கேற்றினார்கள். ஆற்றோடு இத்தனை நிதானமாகக் குடித்தனம் நடத்தும் கோயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுலோசன முதலியார் பாலத்தை நடந்தே கடந்தோம். 1843-ல் திறந்தது, 11 வளைவுகள். அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே படகுதான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் வசூலுக்கு அலைவதை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பணத்தில் கட்டினார். மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். இன்று அதன் மேல் ஹாரன் சத்தத்தில் நானும் பெரியப்பாவும் பேசியது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை.

பாலத்திலிருந்து இறங்கினால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ், கீழே ஆறு. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்கள், போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் இறங்கி ஓடினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். வருடா வருடம் அந்தத் தேதியில் வந்து இங்கே ஆற்றில் பூப் போடுகிறார்கள்.

பெரியப்பா கம்பைத் தண்ணீரில் விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். "அன்னைக்கு ஆத்துல பெரிய தண்ணி இல்லலே" என்று மட்டும் சொன்னார்.

அல்வா வாங்கவில்லை. நாளைக்கு வாங்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள்: முறப்பநாடு முதல் ஆழ்வார்திருநகரி வரை

முறப்பநாட்டில் ஆறு தெற்கிலிருந்து வடக்காகத் திரும்புகிறது. அதனால் தட்சிண கங்கை. குளித்தோம், இட்லி சாப்பிட்டோம், பஸ் ஏறினோம். மருதூர் அணையை வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது. ஸ்ரீவைகுண்டம் அணை எட்டில் கடைசி, வெள்ளைக்காரன் கட்டிய ஒன்று. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இதோடு ஆற்றுக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது, வழிந்தால்தான் உண்டு. கம்பு: ஒன்றரை.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தையும் எட்டிப் பார்த்தோம். 2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கேதான் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பேர். முன்னாலும் பின்னாலும் தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். பெரியப்பா இதை அடியாக மாற்றிப் பார்த்தார். மூன்றடிக்கு மேல். "வானத்துலேருந்து மூணடி!" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆழ்வார்திருநகரிக்கு நான் வந்தது புளியமரத்துக்காக. அதைவிட மதுரகவி ஆழ்வாருக்காக. ஆற்றுக்கதைகளில் வரும் கிழவர்களிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான். பிறந்தது இங்கே பக்கத்தில் திருக்கோளூர். வடக்கே யாத்திரை போய் அயோத்தியில் இருக்கிறார். ஒரு ராத்திரி தெற்கே ஒரு வெளிச்சம் தெரிகிறது. கிராமம் தீப்பற்றியதோ என்று பார்த்தார், இல்லை. மறுநாளும் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், நடந்து நடந்து வந்தால் வெளிச்சம் இந்தப் புளியமரத்தில் வந்து அணைகிறது. பொந்தில் பதினாறு வயதுப் பையன், பேசாமல், கண்ணைத் திறக்காமல். உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கிழவர் ஒரு கல்லைப் போட்டார். பையன் விழித்தான்.

"செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?"

"அத்தைத் தின்று அங்கே கிடக்கும்."

அவ்வளவுதான். பையன் நம்மாழ்வார், கிழவர் சீடர். வழக்கமாக ஆற்றங்கரைக் கதையில் கிழவர் உட்கார்ந்திருப்பார், இளைஞன் தேடி வருவான். இங்கே தலைகீழ்.

பெரியப்பாவுக்குப் பையன் சொன்ன பதிலைப் பற்றி அக்கறையில்லை. "திருக்கோளூர் இங்கேருந்து எவ்ளோ தூரம்?" என்று பூக்கடைக்காரரிடம் கேட்டார். பக்கம்தான், ஆட்டோவில் போய்விடலாம் என்றார் அவர். "அப்ப பக்கத்து ஊர் மரத்தைப் பாக்க அயோத்தி வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு முடியும் இடத்தை 78 வயதில் பார்க்கக் கிளம்பியவர் சிரிக்கிற சிரிப்பு அது.

ஆறாம் நாள்: புன்னைக்காயல்

தென்திருப்பேரை, ராஜபதி. ராஜபதியில் பழைய கோயிலை வெள்ளம் எப்போதோ கொண்டுபோய்விட்டது, இப்போது இருப்பது புதிது. ஆத்தூரில் இறங்கிப் பெரியப்பா வெற்றிலை வாங்கினார். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கடைக்காரர் ஈரத்துணியை விலக்கிக் கவுளியைக் காட்டியபோது பெரியப்பா முகத்தில், இதுவரை பார்த்த எந்தக் கோயிலிலும் தெரியாத ஒரு பக்தி.

சேர்ந்தபூமங்கலம் கோயிலில் குருக்களும் நாங்களும்தான். ஒன்பதாவது பூ இங்கே. வெளியே வாழைத் தோட்டம், காற்றில் லேசாக உப்பு.

புன்னைக்காயலில் பஸ் விட்டு இறங்கினால் வலையும் மீனும் மாதாகோயிலும். ஒரு காலத்தில் கொற்கைதான் துறைமுகம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கொற்கை கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போய்விட்டது, கடல் இங்கே நகர்ந்துவிட்டது. அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்றிக்ஸ் பாதிரியார் இந்த ஊரில்தான் இருந்து தமிழ் படித்தார், 1586-ல் தமிழில் புத்தகம் அச்சடித்தார். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வர, பெரியப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அப்புறம் நின்றார்.

பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் அகலமான தண்ணீர். எது ஆறு, எது கடல் என்று கோடு கிடையாது. ஒரு மணல் திட்டு, அதில் கொக்குகள், அதற்கு அப்பால் அலை. வாடைக்காற்று.

"இவ்ளோதானா?" என்று கேட்டார்.

படகு நிழலில் உட்கார்ந்து வலைக்கண்ணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். இவர் வயதுதான் இருக்கும். யார், எந்த ஊர் என்று விசாரித்தார். கன்னடியன் கால்வாயில் லஸ்கர் என்றதும் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"தொண்ணூத்திரண்டுல தொறந்து விட்டது நீங்கதானா அண்ணாச்சி?"

"நான் எங்க தொறந்தேன்? அதுவா வந்துச்சு."

"வைக்கப்போரு முழுசா மெதந்து கடலுக்குப் போச்சு. அது மேல கோழி நின்னுச்சு. மரம், கதவு, பாம்பு, மாடு... நாங்க மூணு நாளு தொழிலுக்குப் போவல."

பெரியப்பா பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். வெற்றிலையை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் மடித்துப் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சைக்கிள் ஏதும் வந்துச்சா?"

பெரியவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார். "இரும்பு எங்க அண்ணாச்சி மெதக்கும்? அது அங்ஙன உங்க அணைக்கட்டு மண்ணுக்குள்ளதான் கெடக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார் பெரியப்பா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏலே, அந்த ரோமரிஷி பூ விட்டது ஐப்பசியிலதான் இருக்கும். வெள்ளத்துல. அப்பத்தான் எட்டு அணையும் தெரியாது. இல்லாட்டா நாம அன்னைக்குப் பாவநாசத்துல குளிச்ச தண்ணியில பாதி பத்தமடை வயல்லதான் நிக்கும். இங்க வரவே வராது" என்றார். ஆறு நாளாக உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

எழுந்து போய்க் கம்பைத் தண்ணீரில் விட்டார். நாலடியும் முங்கிவிட்டது, அடி தட்டவில்லை. கை நனைந்ததுதான் மிச்சம்.

"இங்ஙன எத்தனை அடி?"

"அடி தெரியாது. ரெண்டு பாகம் இருக்கும்."

"ஒரு பாகம்னா?"

பெரியவர் எழுந்து இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை. பெரியப்பா கம்பை உதறிவிட்டு, அவர் முதுகுப் பக்கம் போய், இடது நடுவிரலில் கம்பின் நுனியை வைத்தார். முதல் நாலடி வலது முழங்கைக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கம்பைத் தூக்கி மறுபடி வைத்தார். "கைய எறக்காதீங்க" என்றார். பெரியவர் கடலைப் பார்த்தபடி, வெற்றிலையை மென்றுகொண்டு, கையை இறக்காமல் நின்றார்.

"அஞ்சரை" என்றார் பெரியப்பா. "அப்ப பதினொண்ணு. எழுதிக்கோலே."

எழுதிக்கொண்டேன்.